வராந்தாவில் இரண்டு நாற்காலிகள்

அந்த மருத்துவ இதழின் ஆசிரியர் குழுவில் ஒரு விநோத வழக்கம் உண்டு. விவாதத்துக்கு வரும் கட்டுரையில் யாருக்காவது ஒட்டோ உறவோ இருந்தால், அவர் எழுந்து வெளியே போனால் மட்டும் போதாது. உட்கார்ந்திருந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முடிவு தெரியும்வரை வராந்தாவிலேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் தலைமை ஆசிரியர் அம்மாள். "காலி நாற்காலி ஒண்ணு கிடந்தா எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாங்க" என்பது அவர் கட்சி.

நாற்காலிகளோ பழங்காலத்து மரம். கல்லுமாதிரி கனக்கும். மருந்துக் கம்பெனி செலவில் மாநாட்டுக்குப் போய்வந்த இதய மருத்துவர் ஒருவர், அந்தக் கம்பெனி மாத்திரையைப் பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் மூச்சு வாங்க நாற்காலி சுமந்தார். அதற்கப்புறம் யார் விமான டிக்கெட்டை நீட்டினாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டார். ஊர்ப்பட்ட உபதேசம் செய்தும் நடக்காததை ஒரு நாற்காலி நடத்திக் காட்டியதென்றால், அம்மாளின் மூளையை மெச்சாமல் இருக்க முடியுமா?

துணை ஆசிரியர் மெச்சினார். மெச்சினார் என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. ஐம்பதைத் தாண்டிய சிறுநீரக மருத்துவர்; வெளியே நாலு பேர் கும்பிடும் பெரிய மனுஷர். ஆனால் அம்மாள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. "எங்க அம்மா கத்தினாக்கூட உங்க காதுல விழாது. அந்த அம்மா தும்மினாக் குறிச்சு வெச்சுக்கறீங்க" என்று அவர் மனைவி இடித்துக்காட்டுவாள். அவர் சிரித்து மழுப்புவார். அம்மாள் ஓய்வுபெற்றதும் தலைமை ஆசிரியராக வரப்போவது அவர்தான் என்பது ஊரறிந்த ரகசியம்.

அன்றைய கூட்டத்தில் அம்மாள் கடைசிக் கட்டுரையை எடுத்ததுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் பொண்ணோடது. வேற எங்கயாவது அனுப்புடின்னு சொல்லிப் பார்த்தேன். 'சர்ஜன்கள் எல்லாரும் படிக்கிறது உங்க பத்திரிகையைத்தான். உங்களுக்குப் பொண்ணாப் பொறந்த பாவத்துக்கு, யாருமே படிக்காத இடத்துல நான் போய்ப் போடணுமா?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நான் கிளம்பறேன்."

முட்டிவலிக்காரி. ஆனாலும் யாரையும் கைகொடுக்க விடாமல், நாற்காலியைத் தூக்கியும் இழுத்தும் தானே வெளியே கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது.

மகள் அறுவை மருத்துவர். சின்ன அறுவை ஒன்றுக்குப் பிறகு நோயாளிக்கு ஒரு வாரம் ஊசி போடும் வழக்கம் தேவையே இல்லை, ஒரு நாள் போட்டால் போதும் என்பது அவள் கண்டது. படித்துப் பார்த்த வெளி நிபுணர்கள் இருவருமே பாராட்டியிருந்தார்கள்.

துணை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "ஆய்வு நடந்தது ஒரே ஒரு ஆஸ்பத்திரியில. ஒரு இடத்துல நடந்ததை வெச்சு எல்லாருக்கும் எப்படிச் சொல்றது? அட்டவணையும் தெளிவா இல்லை. திருப்பி அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்."

பேசப்பேச அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. அம்மாள் மகள் என்பதற்காக விட்டுக்கொடுத்தான் என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசக்கூடாது. அம்மாள் பேரில் ஒரு பொட்டுக் கறை விழக்கூடாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

புள்ளிவிவரம் சரிபார்க்கும் பேராசிரியை மட்டும் ஆட்டவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்மணி.

"போன கூட்டத்துலயும் ஒரே ஆஸ்பத்திரிக் கட்டுரை ஒண்ணு வந்துச்சே சார். 'அதனால என்ன, திருத்தி அனுப்பச் சொல்லுவோம், நல்ல கட்டுரையை விடக்கூடாது'ன்னு சண்டை போட்டது நீங்கதானே?"

"அது வேற..."

"என்ன வேற?"

துணை ஆசிரியர் கட்டுரையை மறுபடி புரட்டினார். வேறாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது அவருக்கு. அம்மாள் பேருக்கும் தன் பேருக்கும் காவல் நிற்கிறேன் என்று, ஊரில் உள்ள நோயாளிகளெல்லாம் ஒரு வாரம் ஊசி குத்திக்கொள்ளட்டும் என்றல்லவா விடப்பார்த்தார்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். பேராசிரியை கதவைத் திறந்துவிட்டார்.

வராந்தாவில் ஜன்னலோரம் முட்டியை நீவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? அந்தக் கட்டுரையில உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

"கட்டுரையில இல்லைங்க. உங்ககிட்ட." நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "உள்ள நான் என்ன பேசினேன்னா..."

"அதைச் சொல்லக்கூடாது" என்று கையமர்த்தினார் அம்மாள்.

சொல்லாவிட்டால் என்ன, புரிந்துகொள்கிற ஆள்தானே. தன் நாற்காலிக் கையைத் தட்டிக் காட்டினார் அம்மாள்.

"நாற்காலியைத் தூக்கிட்டு வந்தா நான் வெளியே வந்துட்டதா இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். நான் உள்ளயேதான் உட்கார்ந்திருந்திருக்கேன், இல்ல?"

அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்களும் வெளியாள்தான், சொல்லலாம். ராப்பகலா உழைச்சா அந்தப் பொண்ணு. வீட்டுக்குக்கூட வரலை. அந்தக் கட்டுரை நம்ம பத்திரிகையில வரணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

அந்த ஆசையை முழுங்கிக்கொண்டா இந்த மனுஷி நாற்காலி சுமந்தார்? துணை ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே இருந்தவர்களும் அன்று முடிவு செய்யவில்லை. இந்த அம்மாளோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத வேற்று இதழின் ஆசிரியர் ஒருவரிடம் முடிவு செய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் நாலு கேள்வி கேட்டார், மகள் திருத்தினாள், கட்டுரை தேறியது. எழுதுகிறவர்கள் மாதிரியே ஆசிரியர்களும் தங்கள் ஒட்டுறவை இதழில் அச்சிட்டுச் சொல்ல வேண்டும் என்று அம்மாள் புதுச் சட்டமும் போட்டார். அவரவர் குறிப்பை அவரவரே எழுதினார்கள்.

இதழ் வெளிவந்த அன்று துணை ஆசிரியருக்கு அழைப்பு வந்தது. அம்மாளின் மேசைமேல் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது. மகள் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் அவருடைய வரி: 'துணை ஆசிரியர், தலைமை ஆசிரியர்மீது அளவற்ற மதிப்புக் கொண்டவர் என்பதால் இதில் பங்கேற்கவில்லை.' 'அளவற்ற' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"என்ன டாக்டர் இது? ஆராய்ச்சிப் பத்திரிகையில இப்படியா எழுதுவாங்க? எதை வெச்சு அளந்தீங்க?"

"அளக்க முடியலைங்க" என்றார் அவர். "அதனாலதான் வெளியே வந்தேன்."

அம்மாள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.