சகலன் வயலின் பச்சை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுப் பெரும்போகத்தில் தோப்பூர் ஸுஹைரின் நெற்பயிர், அவனுடைய சகலன் கலீலுர் றஹ்மான் பார்க்கும்போதெல்லாம் ஒரு விரற்கடை வளர்ந்தது. அவர் பார்க்காத நாளில் வளரவில்லை. இது கலீலுர் றஹ்மானுக்குத் தெரியாது. அவர் சாம்பலைத்தான் சந்தேகித்தார்.

அந்த வருடம் யூரியா காவலரணைத் தாண்டி வரவில்லை. போர்க்காலம்; இயக்கத்தார் அதில் குண்டு செய்துவிடுவார்கள் என்று இராணுவம் தடுத்திருந்தது. ஆகவே ஊரே சூடடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் எரித்து, சாம்பலை மழை படாமல் சாக்கில் கட்டி வைத்து வயலில் தூவியது. சகலர் இருவரும் தூவினார்கள். மாமனார் ஒரே வயலின் நடுவே வரம்பு போட்டு, மேற்குப் பாதியை கலீலுர் றஹ்மானைக் கட்டிய மூத்தவள் பரீனாவுக்கும் கிழக்குப் பாதியை ஸுஹைரைக் கட்டிய இளையவள் நபீஸாவுக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார். ஒரே மண், ஒரே வாய்க்கால், ஒரே விதைநெல். இருந்தும் பரீனாவின் மேற்கு மஞ்சளாய் நின்றது, நபீஸாவின் கிழக்கு கரும்பச்சையாய் எழும்பியது. வேறு யாருடைய வயலென்றாலும் கலீலுர் றஹ்மான் பொறுத்திருப்பார். சகலன் வயலை எப்படிப் பொறுப்பது?

ஸுஹைர் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய மூன்று சாக்குச் சாம்பலைத் தூக்கினார். களவு தெரியாமல் இருக்கத் தன் சாம்பல் மூன்று சாக்கை அதே இடத்தில் வைத்தார். மேற்கு இன்னும் மஞ்சளானது. கிழக்கோ துள்ளிக்கொண்டு வளர்ந்தது.

“என்ட சாம்பல் அவன்ட வயலில விளையுது!” என்று பரீனாவிடம் பல்லைக் கடித்தார்.

கண்ணூறு பட்டாவது கருகட்டும் என்று விடியற்காலைகளில் வரம்பில் நின்று முழித்துப் பார்த்தார். பயிர் இடுப்பைத் தாண்டியது.

பிறகு காய்ச்சல் வந்து பதினொரு நாள் படுத்தார். பன்னிரண்டாம் நாள் ஸுஹைர் வந்து கட்டிலருகே நின்றான்.

“கலீல் நானா, கோவிக்க வேணாம். நீங்க படுத்த நாளில இருந்து பயிர் அப்படியே நிக்குது. ஒருக்கா வந்து பொறாமைப்பட்டுட்டுப் போங்க.”

“ஏலாது!” என்றார். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

பரீனா மூன்று பிள்ளைகளின் சோற்றை நினைத்தாள். மேற்கு பதராகத்தான் போகும். ஆகவே புருஷனிடம் கேட்டு, தங்கையிடம் பேசிப் பாதியை மாற்றினாள். கிழக்கு இவர்களுடையது, மேற்கு ஸுஹைருடையது. கலீலுர் றஹ்மான் ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. வரம்புக்கு அந்தப்பக்கம், அவரே கைவிட்ட மேற்கு பச்சை பிடித்தது. அவர் மறுபடியும் விடியற்காலைகளில் வரம்பில் போய் நின்று முழித்தார்.

பரீனாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு நாளும் புருஷனிடம் கேளாமல் எதுவும் செய்யாதவள், அன்று கேட்கவில்லை.

“ரெண்டு பாதியையும் நபீஸாட பேருக்கு எழுதிட்டன். நெல்லு பாதி பாதியாப் பிரிக்கிறது எண்டு கதைச்சிட்டம்.”

“அப்ப எனக்கு?”

“நீங்க பார்த்துக்கொண்டிருங்க.”

இரண்டு பாதியும் தோளுயரம் வந்தன. ஊர் வைக்கோல் சாம்பலைப் புகழ்ந்தது. சாம்பலும் தன் பங்கைச் செய்யாமலில்லை. போர் முடியும் வரை ஒவ்வொரு போகமும் இப்படியே போனது. அரிசி வீட்டுக்கு வந்தது, பிள்ளைகள் பசியறியாமல் வளர்ந்தார்கள். ஸுஹைரின் நெல் என்ற நினைப்பில் கலீலுர் றஹ்மானுக்கு மட்டும் ஒவ்வொரு பிடியும் கசந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்புக்குப் போவார்.