வாசலில் நின்ற உபயகாரர்

செல்வரத்தினத்தாரைக் கேளாமல் லண்டனில் எந்த யாழ்ப்பாணத்து வீட்டிலும் துடக்குக் கழிந்ததில்லை என்று சொன்னால் அதில் கொஞ்சம்தான் மிகை. வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் முப்பத்தொரு நாள் தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சொந்தத்தில் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, செய்தி பிந்திக் கிடைத்தால் எந்த நாளிலிருந்து கணக்கு என்று வரும்போது குழம்பிப்போவார்கள். ஊரில் என்றால் ஐயரைக் கேட்கலாம். இங்கே ஐயரே செல்வரத்தினத்தாரைத்தான் கேட்டார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் செட்டில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் வெள்ளைக்காரனுக்கு மிச்சக்காசைக் கொடுத்தபடியே அவர் தீர்ப்புச் சொல்லுவார். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

வசந்தமலருக்கு அவர் புருஷனின் தமையன். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். எண்பத்துமூன்றில் கொழும்பு வீடு எரிந்தபிறகு தம்பி இராஜேந்திரனை நம்பி லண்டனுக்கு வந்தவர். மாமி, புருஷனின் தாய், யாழ்ப்பாணத்தை விட்டு அசையமாட்டேன் என்று இருந்துவிட்டதால், இந்த நாட்டில் அவளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அத்தான் ஒருவர்தான். எண்பத்தாறில் லலிதா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்து, பேரையும் தானே வைத்துவிட்டு, முப்பத்தொரு நாளும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெற்றோல் அடிக்க வந்தவனுக்கெல்லாம் "எங்கட வீட்டில பிள்ளை பிறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பிரசவத்தில் வசந்தமலருக்கு இரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். ஒன்று போதும், கடவுள் தந்தது என்று இராஜேந்திரன் சொன்னான். அவளும் சில வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் மாடிப்படியில் லலிதா தன்னோடு தானே சண்டை பிடித்து, தானே சமாதானமாகிப் போவதைக் காணும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று போதாது என்று பட்டது. மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சிறுவர் இல்லத்தைப் பற்றிக் கூட வேலை செய்தவள் சொன்னபோது, அங்கிருந்து ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போமா என்று அன்று இரவே புருஷனிடம் கேட்டாள். அவன் ஓம் என்று சொல்ல ஆறு மாதம் ஆனது.

பிறகு, பிள்ளை வளர்க்க இந்த வீடு தோதா என்று பார்க்கக் கவுன்சில்காரி வந்தாள். ஒரு வருஷம் வந்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள், மாடிப்படிக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். "கதைக்கமாட்டம்" என்றாள் வசந்தமலர். "எவ்வளவு காலத்துக்கு?" என்று அவள் கேட்க, இராஜேந்திரன் "சோறு ஆறும்வரைக்கும்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு காரியம் சுறுக்காக நடந்தது.

எல்லாம் சரிவந்த பிறகுதான் அத்தானுக்குச் சொன்னார்கள். தொண்ணூற்றுமூன்றாம் வருஷம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த இடத்துப் பிள்ளை?"

"மட்டக்களப்பு, அத்தான்."

"அது ஊர். நான் கேட்டது இடம்."

அவர் என்ன கேட்கிறார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் விளங்கியது. இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தான். வசந்தமலர் பார்க்கவில்லை.

"தெரியாது. தாய் தேப்பன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சண்டை முடிஞ்சபிறகு ரோட்டில இருந்து எடுத்தவையாம். மூண்டு ராசாக்கள் திருநாளண்டு கொண்டுவந்து விட்டபடியால், சிஸ்டர் அதில ஒரு ராசான்ர பேரை, கஸ்பர் எண்டு வைச்சிருக்கிறா."

"கஸ்பர்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கல் கடித்தவர் மாதிரி முகம் போனது. "உங்கட பிள்ளையா வளவுங்கோ. நான் குறுக்கை நிக்கேல்லை. ஆனால் எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு என்னைச் சொல்லச் சொல்லாதேங்கோ."

அவர் போனபிறகு வசந்தமலர் கோப்பையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது பயம். சபை சந்தியில் இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நாளைக்கு ஒரு கலியாணவீட்டில் "அது எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று ஒருத்தி வாயைத் திறந்தால், அதைப் பொத்தக்கூடிய வாய் அத்தானுடையது ஒன்றுதான். அந்த வாயே இப்படிச் சொல்லிவிட்டது.

ஆனி மாதம் மூன்று பேரும் கொழும்புக்குப் போனார்கள். இரவு ரயிலில் சிஸ்டர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டரை வயது இருக்கும் என்றார், ஒரு உத்தேசம்தான். பெரிய நெற்றி, மெலிந்த கால். அழவில்லை. லலிதா ஒரு பிஸ்கட்டைக் காட்டி "கையை நீட்டு" என்றாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான். வாங்கியதும் அடுத்த பிள்ளைக்கு இடம் விடுகிறமாதிரி ஒதுங்கி நின்றான். பின்னால் ஒருத்தரும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் வசந்தமலருக்குத் தாங்க முடியாமல் போனது.

"பேரை மாத்திறதெண்டால் மாத்தலாம், அம்மா. கோர்ட்டிலயே செய்வினம்" என்றார் சிஸ்டர்.

"வேண்டாம் சிஸ்டர். அவன் கொண்டுவாறது அது ஒண்டுதான். அதையும் பறிச்சுப்போட்டு என்னத்தைக் குடுக்கப்போறன்?"

கோர்ட்டில் உத்தரவு கிடைத்த அன்று இராஜேந்திரன் ஒரு கடையிலிருந்து தமையனுக்குப் போன் எடுத்தான். "அண்ணை, முடிஞ்சுது. பிள்ளையைத் தந்திட்டினம்." அந்தப் பக்கத்தில் "ம்" என்று ஒரு சத்தம். பிறகு போன் வைத்த சத்தம். போன் கூண்டுக்கு வெளியே நின்ற வசந்தமலருக்குப் புருஷனின் முகமே போதுமாக இருந்தது.

லண்டனுக்குத் திரும்பி நாட்கள் போயின. அத்தான் வரவில்லை, போனும் இல்லை. கஸ்பர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றான். "இருந்து சாப்பிடு ராசா, இது உன்ர கதிரை" என்று ஒவ்வொரு நேரமும் சொல்லவேண்டியிருந்தது. லலிதா தன் பங்குக்கு, "பெரியப்பாவுக்குத் தம்பியைப் பிடிக்காதோ அம்மா?" என்று கேட்டாள். "அவருக்கு ஷிப்ட்" என்று பொய் சொன்னாள் தாய்.

குளிர்பெட்டியில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஏழாம் நாள் உபயம், செல்வரத்தினம் குடும்பத்தினர். பழைய சேர்ச் மண்டபம் ஒன்றை வாங்கிக் கோயிலாக்கிய நாள் முதல் அந்தப் பூசைக்குச் செலவும் அவருடையது, மரியாதையும் அவருடையது. வருஷத்தில் அந்த ஒரு நாள், பெற்றோல் செட்டு உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, கையில் தர்ப்பையோடு சுவாமிக்கு முன்னால் நிற்பார். மிச்ச நாட்களை அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் பிழையில்லை.

வசந்தமலருக்கு அந்த நோட்டீஸ் தான் கணக்குப் பார்க்கும் இடமாகிவிட்டது. லலிதா பிறந்தபோது துடக்குக் காத்த மனுஷன். இந்த முறை போய் உபயம் செய்தால், அவர் வீட்டில் பிள்ளை ஒன்றும் பிறக்கவில்லை என்று ஊர் கேட்கச் சொன்னதாகத்தானே அர்த்தம்? இதைச் சொன்னபோது இராஜேந்திரனுக்கு எரிச்சல் வந்தது. "பெடியனுக்கு ரெண்டரை வயது. இதுக்கென்ன துடக்கு? சும்மா மனதைப் போட்டு உடைக்காதை."

"அப்ப எங்களுக்கும் துடக்கில்லை. நாங்களும் போவம். ஏழாம் நாளே போவம்."

வீம்புதான். சொந்தம் இல்லை என்று அவர் நிற்கப்போகும் இடத்திலேயே, எல்லாரும் பார்க்கப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

அன்று மழை. காரைப் பின்பக்கம் விட்டுவிட்டுப் பக்கக் கதவால் உள்ளே போனார்கள். பூசை தொடங்கியிருந்தது. வசந்தமலர் கஸ்பரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சனத்துக்கு மேலாகப் பார்த்தாள். பரிவட்டத்தோடு நின்றவர் அத்தான் இல்லை. கோயில் செயலாளர் கனகலிங்கம்.

ஐயர் திரைக்குள் போன இடைவெளியில் முன்னுக்குப் போய்க் கேட்டாள். "எங்கட அத்தான் எங்கை?"

கனகலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்குத் தெரியாதே தங்கச்சி? மூண்டு கிழமைக்கு முந்தியே போன் பண்ணிப்போட்டார், இந்த முறை தன்னால ஏலாது, வீட்டில துடக்கெண்டு. நான்தான் அவருக்காக நிக்கிறன். அந்தா, ரோட்டுக்கு அங்கால நிக்கிறார். நீர் பாக்கேல்லையோ?"

யாழ்ப்பாணத்தில் மாமி. குண்டு விழாத நாள் இல்லை. தம்பியிடம் சொல்ல வாய் வராமல் மனுஷன் மூன்று கிழமையாகத் தன்னந்தனியாகத் துக்கம் காக்கிறாரா? செருப்பும் போடாமல் முன் வாசலால் ஓடினாள். இராஜேந்திரன் லலிதாவை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பின் கீழே செல்வரத்தினத்தார் நின்றார். பட்டு வேட்டி, அதற்கு மேல் குளிர்க்கோட்டு, கையில் ஒரு பை. திறந்திருந்த கதவுக்குள்ளால் தெரிந்த தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், மாமிக்கு ஏதும்..."

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. போன கிழமையும் கடிதம் வந்தது." அவர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவர்களுடைய வெறுங்கால்களைப் பார்த்தார். முகம் சிவந்தது. "நீங்கள் உள்ளுக்கையோ நிண்டனீங்கள்?"

"ஓம்."

"அறிவிருக்கோ உங்களுக்கு?" பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவி தள்ளி நின்றாள். "முப்பத்தொண்டு கழியேல்லை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூலஸ்தானத்துக்கு முன்னால போய் நிக்கிறியள்! ராசன், நீ சின்னனிலயிருந்தே ஒண்டும் விளங்காதவன், விடுவம். மலர், உமக்குமோ? பெரியப்பன் நான் ரோட்டில நிக்கிறன், பெத்தவை உள்ளுக்கை நிக்கினம்! சனம் என்னைக் கேளாதோ?"

"அண்ணை, பெடியனுக்கு ரெண்டரை வயசு" என்றான் இராஜேந்திரன்.

"அவன் எங்கை பிறந்தவன், எப்ப பிறந்தவன் எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. எங்கட வீட்டில பிறந்தது, நீ போன் பண்ணின அண்டைக்கு. செய்தி காதில விழுந்த நாளிலயிருந்து கணக்கு. இதை லண்டன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறவன் நான், எனக்கே நீ சொல்ல வாறியோ?"

வசந்தமலர் அழுதாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளை ஒருத்தரும் இப்படி ஏசியதில்லை. இதைப்போல் ஒரு சந்தோஷமும் அவளுக்கு வந்ததில்லை. பெத்தவை என்று அவர் வாயால் வந்துவிட்டது. இனி இந்த ஊரில் எவள் என்ன சொன்னால் என்ன?

"பிறகேன் அத்தான் வீட்டுக்கு வரேல்லை?"

அவருடைய சத்தம் இறங்கியது. "அண்டைக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு எந்த முகத்தோட வாறது? போனை வைச்சிட்டு இருந்து யோசிச்சனான். இன்னொருத்தன் எடுத்து, என்ர தம்பி வீட்டில பிள்ளை, எனக்குத் துடக்கிருக்கோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுவன்? ஓம் எண்டுதானே சொல்லுவன். அவனிட்டை இடமோ கேப்பன்? அண்டைக்கே கனகலிங்கத்துக்குச் சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் வெக்கமாக் கிடந்தது."

உள்ளே மணி அடித்தது. அவருடைய உபயத்தின் தீபாராதனை. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்கு மேல் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நாளை அவர் என்ன விலைக்கு விட்டுக்கொடுத்தார் என்று வசந்தமலருக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு பேரும் அவருக்குப் பக்கத்தில் நின்று, ரோட்டுக்கு இங்காலேயே கும்பிட்டார்கள்.

மணி ஓய்ந்ததும் அவர் பைக்குள் கைவிட்டு, பூக்கட்டி மிஞ்சிய நூல்துண்டு ஒன்றை எடுத்தார். "முப்பத்தொண்டுக்குப் பவுண் காப்புப் போடவேணும். பிறந்த பிள்ளையெண்டால் தட்டானுக்கு அளவு தெரியும். இவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

குனிந்தார். "கஸ்பர், கையை நீட்டு."

இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளை வழக்கம்போல் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான். அவர் நூலைச் சுற்றி அளவெடுத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தார். அதற்குப் பிறகும் அவன் கையை மடக்கவில்லை. ஏந்தியபடியே நின்றான்.

"அவனுக்கு அது பழக்கம், பெரியப்பா" என்றாள் லலிதா. "ஏதாவது குடுக்கப்போறீங்கள் எண்டு நினைக்கிறான்."

செல்வரத்தினத்தார் கோட்டுப் பைகளைத் தடவினார். ஒன்றும் இல்லை. தன் கையையே அந்த இரண்டு சின்னக் கைகளுக்குள் வைத்தார். கஸ்பர் அதைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை ஒதுங்கி நிற்கவில்லை.

"போவம், வாங்கோ. நனையிறான்" என்றார் அவர், கையை விடாமல். "இன்னும் பத்து நாளைக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."