தரைக்கு விழுந்த அடி

தோஹாவில் ஒரு மழலையர் பள்ளியில் பல தேசத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி நிக்காஹுக்காகச் சொந்த ஊர் பத்தமடைக்கு வந்த மறுநாளே மின்னஞ்சல் வந்துவிட்டது. லூக்கா என்கிற பையனை நான் அடித்தேனாம். வகுப்பறைக் கேமராவில் அவன் அம்மா பார்த்தாளாம். இன்று மாலை தலைமையாசிரியை வீடியோவில் விசாரிப்பார், பேச்சு பதிவாகும்.

நடந்தது இதுதான். நிறம் சொல்லிக் குதிக்கிற விளையாட்டில் லூக்கா வழுக்கி விழுந்து வீறிட்டான். நான் குனிந்து, அவனை விழவைத்த தரையை ஓங்கி இரண்டு அடி போட்டேன். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் செய்வதுதானே. தரைக்குத் தண்டனை கிடைத்த திருப்தியில் பிள்ளை அடங்கிவிடும். லூக்காவும் அடங்கினான். ஆனால் கேமரா என் முதுகுப் பக்கம். அழுகிற பையன், ஓங்கி இறங்குகிற கை, கப்சிப்பென்று ஆன பையன், இவ்வளவுதான் அதில் தெரியும். சத்தம் கேட்காது.

லூக்காவிடமே கேட்டிருக்கிறார்கள். மூன்று வயது நிறையாதவன் எதைக் கோவையாகச் சொல்வான்? "டீச்சர், டப் டப்" என்று கையை ஆட்டிக் காட்டியிருக்கிறான்.

மதியச் சோறு எனக்கு இறங்கவில்லை. தோஹாவிலிருந்து என் வீட்டுக்காரர் ரசீத் பேசினார்.

"மன்னிப்பு கேட்டுரு தஸ்மியா. அதோட விட்டுருவாங்க."

"அடிக்காத புள்ளைக்கு நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

"வேலை போச்சுன்னா விசாவும் போயிரும். பெறவு நீ அங்கன, நான் இங்கன."

வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது நிஜம்தான். அவர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. என் வேலையால்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். உம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கல்யாண வீடு முழுக்கப் பரவிவிடும்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் தலைமையாசிரியை வந்தார். அயர்லாந்துக்காரர். நலம் விசாரிக்கவில்லை.

"குழந்தையை அடித்தீர்களா?"

"இல்லை. தரையை அடித்தேன்."

"தரையையா? ஏன்?"

"அதுதானே அவனை விழவைத்தது."

எவ்வளவு கிறுக்குத்தனமான பதில் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. விளக்கப் பார்த்தேன். நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிற வாயில் ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை.

"செய்து காட்டுங்கள்" என்றார்.

பாயை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் பட்பட்டென்று அடித்தேன். உள்ளங்கை எரிந்தது. அவர் முகம் அசையவில்லை.

"அன்றும் இதைத்தான் செய்தீர்கள் என்று நான் எப்படி நம்புவது?"

இனி அவ்வளவுதான் என்று தோன்றியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு, அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்து அழுகிற என்னைப் பார்த்தாள்.

"ஏளா, விழுந்துட்டியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்படியே குத்தவைத்துத் தரையில் பளார் பளாரென்று போட்டாள். "எம் மவள விழத்தாட்டுவியா? இனி விழத்தாட்டுவியா?" பிறகு என் முழங்காலைத் தடவிவிட்டாள். "ஒண்ணுமில்ல தங்கம். அடிச்சாச்சு. அழாத."

"யார் அது?" என்று போனிலிருந்து குரல் வந்தது. உம்மா திடுக்கிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் உம்மா."

"இந்த விஷயம் அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லவில்லை."

அவர் கொஞ்ச நேரம் உம்மாவையே பார்த்தார்.

"லூக்காவின் அம்மாவுக்கு இந்தப் பதிவைக் காட்டுகிறேன். விடுப்பு முடிந்ததும் வகுப்புக்கு வந்துவிடுங்கள்" என்றார். பிறகு திரைக்குப் பக்கமாகக் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கள் அழுகை நின்றுவிட்டது."

முப்பத்தொரு வயதுக்காரி நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நின்றுதான் போயிருந்தது.