மச்சான் கொண்டுவந்த டிரான்ஸ்மிட்டர்

கருப்பசாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். வருஷம் முழுக்க மெல்லிய மரத்தகடுகளை அறுத்து ஒட்டி, ஹாலில் தொங்கவிடும்படி ஒரு குட்டி விமானம் செய்தாரே, அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? மைன்ஸ் கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், "மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கொண்டு வரட்டும், மறுநாளே கிரவுண்டுல பறக்க விடறேன்" என்று தம்பட்டம் அடித்துவிட்டார். குவார்ட்டர்ஸ் பிளாக்கே காத்திருந்தது.

மச்சான் வரும் நாள் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன்பு செய்த இரண்டு விமானங்களும் கயிறு கட்டிச் சுற்றவிட்டபோதே தரையில் மூக்கைக் குத்தி நொறுங்கிப் போயிருந்தன. இதுவும் போனால் மனுஷன் தாங்கமாட்டார். பயம் என்று வாய்திறக்கவோ வெட்கம். படுத்தால் தூக்கம் வரவில்லை.

மச்சான் கோபாலகிருஷ்ணன் வந்த அன்று குவார்ட்டர்ஸ் கொள்ளாத கூட்டம். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்மிட்டரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஸ்டியரிங் சக்கரம்.

"என்னா சார் இது, ஸ்டேரிங்லாம் மாட்டிகினு இருக்குது? இத்த வச்சி ஏரோபிளேன் வுட முடியுமா?" என்றார் அடுத்த வீட்டுத் தனகோட்டி.

"எங்கேர்ந்து முடியும்! இது காருக்கு உள்ளது தனகோட்டி. திருப்ப ஒண்ணு, வேகத்துக்கு ஒண்ணு, ரெண்டே சேனல். படகு விட்டாக்கூட இது போதும். விமானம்னா திரும்பணும், மூக்கைத் தூக்கணும், றெக்கையைச் சாய்க்கணும், இன்ஜினைக் கூட்டிக் குறைக்கணும். நாலு சேனல் வேணும்" என்றார் கருப்பசாமி.

"மாத்தி வாங்கிட்டேன் மாப்ளே" என்று தலையைச் சொறிந்தார் மச்சான்.

கருப்பசாமி முகத்தை எழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள்ளே, அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிவைத்தது போலிருந்தது. ஆளாளுக்கு "அடடா, அநியாயமாப் போச்சே" என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

கூட்டம் கலைந்து, மச்சானும் குளிக்கப் போனபின், மனைவி புஷ்பவல்லி காபி கொண்டுவந்தாள்.

"அண்ணன் ஒண்ணும் மாத்தி வாங்கலை. ட்ரங்க் கால்ல காருக்கா, விமானத்துக்கான்னு கேட்டுச்சு. ரெண்டுக்கும் வாங்குன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் கார் செட்டை மட்டும் எடுன்னதும் நான்தான்."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"ஏனாம்! ராத்திரி பூரா அந்த விமானத்தையே பார்த்துக்கிட்டு முழிச்சுக் கிடந்தா எனக்கு மட்டும் தூக்கம் வருமாக்கும்? விமானத்து செட்டைக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே பீரோவுல வச்சுட்டேன். எடுக்கட்டுமா?"

கருப்பசாமி டம்ளரைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மறைக்கவும் தோன்றவில்லை.

"பூட்டி வை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நான் தனியா வந்து கேட்டா குடு. நாலு பேரை வச்சுக்கிட்டுக் கேட்டா மட்டும் குடுத்துடாதே."