காணாது

பாலேந்திராவின் சமையலறை மேசையில் யாரும் சாப்பிட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவன் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவான். மேசை தோட்டா செய்வதற்கு.

வெம்பிளியில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டறை வீடு. மேசை விளிம்பில் ஓர் இரும்பு அழுத்துபொறி திருகிப் பூட்டியிருந்தது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துடைத்து, பொறியில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய வெடிப்பொட்டு வைத்து, உள்ளே வெடிமருந்து விட்டு, வாயில் ஈயக் குண்டை இறுக்கினால் தோட்டா மறுபடி தயார். கடைத் தோட்டா எல்லோருடைய துப்பாக்கிக்குமாகச் செய்தது. கையால் செய்வது ஒரே துப்பாக்கியின் குணம் பார்த்துச் செய்வது.

இந்த முறை அது கல்யாணியின் ரிவோல்வர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மோர்டனில் துப்பாக்கிக் கிளப்புகளுக்கிடையே போட்டி. கல்யாணி டூட்டிங்கில் பல் வைத்தியர். பெண்கள் பிரிவில் போன வருடம் இரண்டாவதாக வந்தவர். இந்த வருடம் முதலிடம் என்று கிளப்பே சொல்லிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைச் சீர்செய்து கொடுத்தது அவருடைய கணவர் ரங்கராஜன், திருச்சிக்காரர், இயந்திரப் பொறியாளர். விசையின் உள்ளே எஃகும் எஃகும் உரசும் இடத்தை எண்ணெய்க்கல்லில் மூன்று வாரம் தேய்த்தார். விசையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். விசை காய்ந்த ஈர்க்கு முறிவதுபோல விழவேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படியே விழுந்தது.

தோட்டா பாலேந்திராவின் பொறுப்பு. போட்டிக்கும் அடுத்த பயிற்சிக்குமாக நூறு வேண்டும், ஒரு நாள்தான் இருக்கிறது. அதனால் ரங்கராஜன் முதல் முறையாக அந்த மேசையில் வந்து உட்கார்ந்தார்.

முன்பு அந்த நாற்காலியில் அவன் மனைவி சிவமலர் இருந்தாள். அவள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மரத்தட்டின் ஐம்பது துளைகளிலும் மருந்து விட்ட கோதுகளை நிறுத்தியபின், கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பாள். "காணும். காணும். காணும்." ஐம்பது தரம். ஒன்றையும் விடமாட்டாள். நாற்பதாவதில் பாலேந்திராவுக்குச் சிரிப்பு வரும். அவள் சிரிக்காமல் தொடருவாள்.

இப்போது அவன் தானே பார்த்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை.

"உங்க ஊர்க்காரங்கள்லாம் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து இங்க வந்தாங்கன்னு சொல்றாங்க," என்றார் ரங்கராஜன், மருந்தை அளந்து விடும் புனலின் கைப்பிடியை இழுத்தபடி. "நீங்க என்னடான்னா சந்தா கட்டிச் சுடுறீங்க."

"இஞ்சை கடதாசி திருப்பிச் சுடாது, அண்ணை."

ரங்கராஜன் சிரித்தார். பாலேந்திரா சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டான். அது அவனுக்குப் பழகிவிட்டது.

குறிபார்த்துச் சுடுவதற்கு மருந்து கொஞ்சமாகத்தான் வேண்டும், கை அதிரக்கூடாது. ஆனால் கோது நீளமானது, அதைப்போல இரண்டு மடங்கு கொள்ளும். அதுதான் ஆபத்து. தவறி இரண்டு தரம் விழுந்தாலும் வழியாது. குண்டை இறுக்கிவிட்டால் வெளியே தெரியாது. தராசும் காட்டிக்கொடுக்காது, கோதுக்குக் கோது இருக்கும் எடை வித்தியாசம் அந்த மருந்தைவிட அதிகம். சுடும்போதுதான் தெரியும். கிளப் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது: வெடித்துப் பிளந்த ரிவோல்வர், பக்கத்தில் இரண்டு விரல் இல்லாத ஒரு கை.

ஆகவே வழக்கம் இது. குறையாக விழுந்த கோதை முதலில் கவிழ்த்துக் கொட்டவேண்டும். பிறகு புதிதாக விடவேண்டும். பிறகு இரண்டாம் தரம் பார்க்கவேண்டும்.

முதல் தட்டு முடிந்தது. இரண்டாவது தட்டில் கடைசி வரிசை. நாலாவது கோதுக்குள் மருந்து மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ இருந்தது. கைப்பிடி முழுதாக இழுபடவில்லை போலும்.

"இது காணாது," என்றான் பாலேந்திரா.

"அப்படியா? விட்டுட்டேனா? வயசாயிடுச்சு பாருங்க." ரங்கராஜன் அந்தக் கோதை எடுத்துப் புனலடியில் வைத்தார்.

அப்போது முன்னறையில் தொலைபேசி அடித்தது.

"போங்க, போங்க. பொண்ணு வீட்டுக்காரங்களா இருக்கும்."

கிட்டத்தட்ட அதுதான். ஹவுன்ஸ்லோவிலிருந்து அருமைநாயகி அக்கா, அவனுடைய பெரியம்மா மகள். "தம்பி, ஆண்டுத் திவசமும் முடிஞ்சுதெல்லே. ஒரு இடம் இருக்கு. படத்தை அனுப்பட்டே?"

"யோசிச்சுச் சொல்லுறன், அக்கா."

"போன மாசமும் இதைத்தான் சொன்னனி."

"ஓம்."

திரும்பி வந்தபோது ரங்கராஜன் அந்த வரிசை முழுவதற்கும் குண்டு இறுக்கி முடித்திருந்தார். பாலேந்திரா நாற்காலியில் உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. முதல் ஐம்பதை அடுத்த பயிற்சிக்கென்று தன் பெட்டியில் அடுக்கினான். இரண்டாவது ஐம்பது இன்னும் ஒரே சீராக வந்திருந்தது. அதைக் கல்யாணிக்கென்று ரங்கராஜனிடம் கொடுத்தான்.

ஞாயிறு காலை பத்தரைக்கு அவன் தெருமுனையில் கஸ்பரின் கடைக்குப் பால் வாங்கப் போனான். முன்னால் ஒரு பெண், இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர் போலிருந்தது, பருப்பு வாங்கிக்கொண்டிருந்தார். கஸ்பர் அள்ளிப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"காணுமோ, தங்கச்சி?"

"என்னது காணும்?"

"பருப்பு. காணாதெண்டால் இன்னும் போடுறன்."

"காணாதா? இதோ பையிலதானே இருக்கு! எங்க போச்சு?"

கஸ்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐயோ பிள்ளை, காணாதெண்டால் போதாது எண்டு சொல்லுறது. உங்கடை ஆக்கள் எல்லாரும் முதல் நாள் இதிலைதான் விழுறவை."

அந்தப் பெண்ணும் சிரித்தார். "நாங்க காணோம்னா இல்லைன்னு அர்த்தம்ங்க."

பாலேந்திரா பால் போத்தலைத் தட்டில் திருப்பி வைத்தான்.

இது காணாது. ரங்கராஜன் கேட்டது: இதற்குள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத கோதை யாரும் கவிழ்த்துக் கொட்டமாட்டார்கள்.

"தம்பி, பால்?" என்றார் கஸ்பர். அவன் வெளியே போய்விட்டிருந்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து ரங்கராஜனின் எண்ணைச் சுழற்றினான். எடுப்பாரில்லை. மோர்டன் கிளப்பின் எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே தொலைபேசி தேநீர் அறையில் இருந்தது; போட்டிக்கு முந்திய பயிற்சியில் எல்லோர் காதிலும் சத்தம் தடுக்கும் கவசம். நாற்பது மணி எண்ணியபின் வைத்தான். பதினொன்றுக்குப் போட்டி தொடங்கும். கல்யாணியின் முறை பன்னிரண்டுக்கு என்று ரங்கராஜன் சொல்லியிருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து, செய்த தோட்டாவைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டான். அது பையில் அடங்காமல் பிடி வெளியே நின்றது.

வெம்பிளி பார்க்கில் ரயிலுக்கு ஒன்பது நிமிடம். சேரிங் குரொஸில் இறங்கி, நீண்ட சுரங்கப்பாதையில் மற்ற ரயில் பாதைக்கு ஓடினான். அங்கே பதினொரு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ரயில்களை அவசரப்படுத்த யாராலும் ஏலாது. பெட்டியில் உட்கார்ந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எதிரே ஒரு கிழவர் தோட்டச் செடிகளைப் பற்றிய பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணியின் வலது கை அவன் நினைவுக்கு வந்தது. மெலிந்த, நகம் ஒட்ட வெட்டிய கை. போன வருடம் அவனுடைய கடைவாய்ப் பல்லை அந்தக் கைதான் பிடுங்கியது. அவன் உணரவே இல்லை. "முடிஞ்சாச்சு, வாயை மூடு," என்றார்.

பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் சிவமலர் தாதியின் கையிலிருந்த சின்னக் கோப்பையை விரலால் தள்ளினாள். "மருந்து காணும்," என்றாள். தாதிக்கு விளங்கவில்லை. அதை ஆங்கிலத்தில் சொன்னது அவன்தான்.

கிழவர் பக்கத்தைப் புரட்டினார். ரயில் ஸ்டொக்வெல் தாண்டியது.

மோர்டனில் இறங்கியபோது பன்னிரண்டு பத்து. கிளப், ஒரு பாடசாலைக்குப் பின்னாலிருந்த நீளமான செங்கல் கட்டடம். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உட்கதவின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரியும்போது அந்தக் கதவை எவரும் திறக்கக்கூடாது. கிளப்பில் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்குகிற முதல் விதி அது.

கதவின் தடித்த கண்ணாடி வழியே ஐந்து முதுகுகள் தெரிந்தன. மூன்றாவது கல்யாணி. வலது கை நேரே நீண்டிருந்தது. கை சற்று அசைந்தது. சத்தம் வெளியே மெத்தையை அடித்ததுபோல் கேட்டது. அடுத்ததற்காகக் கை மறுபடி அடங்கத் தொடங்கியது.

பாலேந்திரா கதவைத் திறந்தான்.

"ஸ்டாப்!"

பதினான்கு மாதங்களில் அவன் குரலை உயர்த்தியதில்லை. அது இரண்டாக உடைந்து வந்தது. ஆனாலும் போதுமானதாக இருந்தது. யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாகவேண்டும், அதுவும் விதிதான். பொறுப்பாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், முகம் சிவக்கத் திரும்பினார். பின்னாலிருந்த நீள இருக்கையில் இருந்த ரங்கராஜன் எழுந்தார். கல்யாணி ரிவோல்வரை மேசையில் வைத்து, காதுக் கவசத்தைக் கழற்றினார்.

"பாலா? என்ன ஆச்சு?"

"அக்கா, அந்தத் தோட்டாவைச் சுடாதேங்கோ. ஒண்டிலை மருந்து இரண்டு தரம் விழுந்திருக்கு."

கல்யாணி இருபத்தெட்டு சுட்டிருந்தார். துப்பாக்கிக்குள் இருந்த இரண்டையும் பெட்டியில் இருந்த இருபதையும் தேநீர் அறைக்கு எடுத்துப் போனார்கள். பாலேந்திரா ஒவ்வொரு தோட்டாவாகச் சுத்தியலின் தலைக்குள் பூட்டி, சீமெந்துத் தரையில் தட்டினான். மூன்று முறை தட்டினால் குண்டு கழன்று மருந்து உள்ளே கொட்டும். அதைத் தேநீர்க் கோப்பையின் வெள்ளைத் தட்டில் ஊற்றினான். ஒரு சிட்டிகை. அடுத்தது, ஒரு சிட்டிகை. வெள்ளைத் தட்டுகள் முடிய நீலத் தட்டுகள்.

"எங்கிட்ட காணாதுன்னீங்க," என்றார் ரங்கராஜன், பத்தாவதில். "காலின்னு நினைச்சு மறுபடி விட்டேன். நீங்க இப்ப வந்து சொல்லலைன்னா..."

பதினான்காவது. தட்டில் விழுந்த குவியல் மற்றவற்றின் பக்கத்தில் பெரிதாக உட்கார்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பொறுப்பாளர் குனிந்து பார்த்துவிட்டு வெளியே போனார். கதவைத் திறந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கல்யாணி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி முன்னால் நீட்டினார். விரல்கள் ஐந்தையும் விரித்து அந்தக் கையைப் பார்த்தார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கிளப்பிலை கடைத் தோட்டா தருவினம் போலை," என்றான் பாலேந்திரா. "மிச்சத்தைச் சுடலாம்."

"இன்னைக்கு இனிமே எதையும் சுட முடியாது."

"என் தப்புதான்," என்றார் ரங்கராஜன். "பாஷை புரியாம..."

"எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேன்," என்றார் கல்யாணி. "எங்க நாகர்கோவில்லயும் காணாதுன்னா பத்தாதுதான். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமாச்சு. வந்த புதுசுல இவங்க வீட்ல நான் 'சோறு காணுமா'ன்னு கேட்டா அத்தை பானைக்குள்ள தேடிப்பாப்பாங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தையையே விட்டுட்டேன்."

ரங்கராஜனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிலை பழி போடேலாது," என்றான் பாலேந்திரா. "இரண்டாந் தரம் பாக்கவேண்டியது என்ரை வேலை. போன் வந்தது, போனன். திரும்பி வந்து பாக்கேல்லை. வந்து கதிரையிலை இருந்தனான், அவ்வளவுதான். நான் பாக்கேல்லை, அக்கா."

கல்யாணி அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்லை."

"மூஞ்சியே சொல்லுது. கார்ல தயிர்ச்சோறு இருக்கு. முதல்ல இதை முடி."

"அதான் கண்டுபிடிச்சாச்சே," என்றார் ரங்கராஜன். "மிச்சம் எட்டு எதுக்கு?"

"மிச்சமும் பாக்கவேணும், அண்ணை."

அவன் அடுத்ததைப் பூட்டித் தரையில் தட்டினான். மருந்தை ஊற்றினான். கல்யாணி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது காணும்," என்றார்.

பாலேந்திராவின் கை சுத்தியலோடு நின்றது. பிறகு அடுத்ததைத் தட்டினான்.

"காணும்."

மறுபடி.

"காணும்."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைப்பதற்குக் கை ஒழியவில்லை. ரங்கராஜன் எழுந்து ஜன்னலடிக்குப் போய், மழை வருமா என்று பார்ப்பவர்போல நின்றார்.

கடைசித் தோட்டா. கல்யாணி தட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பாலேந்திரா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். குனிந்து, இரண்டாம் தரம், தானே பார்த்தான்.

"ஓம்," என்றான். "காணும்."