மரக்கிளையில் புளிச்சோறு

அமீரகத்தில், அல் ஐன் இந்தியச் சங்கத்தின் சுதந்திர தின விழாவில் ஐந்து நிமிடம் பேச மாஹிராவைக் கேட்டிருந்தார்கள். விசிட் விசாவில் வந்திருந்த மாமியார் மதீனா பீவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க மாமனாரைப் பத்திப் பேசு. உப்புக் காய்ச்ச வேதாரண்யத்துக்கு நடந்துபோய் ஆறு மாசம் ஜெயில்ல கெடந்தவரு. இங்க எத்தனை பேரு வீட்ல அப்படி ஒரு ஆளு?"

"பேசுறேன் மாமி. எங்க வாப்பாவோட பாட்டனாரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை..."

"யாரு, அந்தப் பண்டாரியா?" மதீனா பீவி சிரித்துவிட்டார். "கல்யாண வீட்ல ஆணம் காச்சினவரு. அவரு எந்த வெள்ளைக்காரனை வெரட்டினாரு? கரண்டியாலயா?"

கணவன் ஆரிப் செல்போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். மாஹிராவின் வாப்பாவும் சமையல்காரர்தான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த இரண்டு வருடங்களும் அது ஒரு குறையாகவே பேசப்பட்டது. எழுதி வைத்திருந்த தாளில் அந்தப் பத்தியை அவள் அடித்துவிட்டாள்.

மேடையில் ஆரிப்பின் தாத்தாவைப் பற்றி மனம் உருகப் பேசினாள். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அத்துடன் இறங்கியிருக்கலாம். ஆனால் தன் ஆட்களை மறைத்துவிட்டு இறங்கக் கால் வரவில்லை.

"நடந்தவங்களுக்குச் சோறு குடுத்தா ஜெயில்னு கலெக்டர் உத்தரவு போட்டிருந்தாரு. அதனால யாரும் கையில குடுக்கல. எங்க வாப்பாவோட பாட்டனார் ஒரு பண்டாரி. விடியறதுக்குள்ள புளிச்சோறு கிண்டி, வாழை இலையில கட்டி, அவங்க வர்ற வழியில மரக்கிளையில தொங்கவிட்டுட்டுப் போயிடுவாரு. அப்படி எத்தனையோ பேரு. சாப்பிட்டவங்களுக்குக்கூட அவங்க பேரு தெரியாது."

இறங்கியபோது மாமியாரின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஆரிப் காரை ஓட்ட, பின் இருக்கையில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ரவுண்டானா தாண்டியதும் மதீனா பீவி கேட்டார்.

"ஏன் புள்ள, அது ஆத்தங்கரை மரமா?"

"தெரியல மாமி."

"எங்க மாமனாரு சொல்வாரு. பட்டினியில கண்ணு இருட்டிட்டு வந்திச்சாம். நிமிந்து பாத்தா மரத்துல பொட்டலம், சூடுகூட ஆறலயாம். மவுத்தாகுற வரைக்கும் அதே பேச்சுதான். வச்சவருக்கு ஒரு சலாம் சொல்ல முடியலையேன்னு." அவர் மருமகளின் பக்கம் சாய்ந்தார். "அது உங்க பாட்டனாராத்தான் இருக்கும், இல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், இரண்டு வருட ஏளனம் தீர்ந்துவிடும். ஆரிப் கண்ணாடியில் அவளையே பார்த்தான்.

"அப்படிச் சொல்ல முடியாது மாமி. யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

மதீனா பீவி அவளை உற்றுப் பார்த்தார். "ஒரு பொய் சொல்லத் தெரியலயே ஒனக்கு," என்றவர் மகனிடம் திரும்பினார். "வண்டிய ஓரமா நிப்பாட்டு. ஒம் மாமனாருக்குப் போன் போடு."

ஊரில், தோப்புத்துறையில், மாஹிராவின் வாப்பா பதறிப்போய் எடுத்தார். "என்னாச்சு மாப்புள? புள்ள நல்லாருக்கா?"

"நான்தான் பேசுறேன், சம்மந்தி. எங்க மாமனாரு சொல்லாம விட்ட சலாம் ஒண்ணு இருக்கு. யாருக்குச் சேரணும்னு தெரியல. நீங்க வாங்கிக்கங்க. அஸ்ஸலாமு அலைக்கும்."

மறுமுனையில் எண்ணெய் பொரியும் சத்தம். யாரிடமோ அடுப்பைத் தணிக்கச் சொல்லிவிட்டு, எதற்கென்று புரியாமலே அவர் மரியாதையாகச் சொன்னார்:

"வ அலைக்குமுஸ்ஸலாம், சம்மந்தியம்மா."