பத்தின் தலையில் ஒரு பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு பெயிண்ட் டின்னுக்குள் கிடந்தது. திங்கட்கிழமை காலை, சிங்கப்பூரின் செங்காங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே கதிரேசன் மூடியைத் திறந்தான். மேலே தெளிந்த எண்ணெய், அடியில் கெட்டித்துப்போன வண்ணம். வழக்கமாகக் குச்சியை விட்டுக் கலக்குவான். அன்றைக்குக் கலக்காமல் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஏன் உட்கார்ந்தான் என்பதுதான் கதை. கிராஞ்சி தொழிலாளர் விடுதியில், டார்மிட்டரியில், அவனுக்கு மேல் கட்டில் என்னுடையது. அதனால் அவன் சொன்னதும் தெரியும், சொல்லாததும் கொஞ்சம் தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓர் ஏழைத் தொழிலாளி—' அடித்துவிட்டேன். கட்டடம் உயரம் என்பது அதன் வெளிச்சுவரில் தொங்கி பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஒரு செய்தியா?

பிறகு, 'கடல் பெரியது, ஆனால்—' என்று எழுதினேன். எவ்வளவு பெரியது என்று தெரியாமல் அந்த 'ஆனால்' நகரவில்லை. இப்போது தெரியும். வகுப்புக்குப் போவோம்.

2

ஞாயிறு வகுப்பு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடையின் மாடியில் நடக்கும். நானும் கதிரேசனும் நாற்பதைத் தாண்டி எழுத்துக் கூட்டப் பழகியது அங்கேதான். இப்போது கணக்கும் அறிவியலும் உண்டு. நடத்துகிறவர் லொரைன், பாலிடெக்னிக்கில் வேதியியல் ஆசிரியை. மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வருவார். (அவருக்கு முதலில் மூக்குக்கண்ணாடி போட்டு எழுதியிருந்தேன். படித்தவர் என்றதும் கை தானாக எழுதிவிட்டது. அவர் போடுவதில்லை. எடுத்துவிட்டேன்.)

அன்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே முகப்பவுடர் தூவி, கம்பி முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்ன எண்ணெய்த் துளியை எடுத்துத் தொட்டார். பவுடர் சட்டென்று விலகியது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்குமேல் விரியவில்லை.

"ஏன் நின்னுருச்சு? சொல்லுங்க அண்ணே."

"இனி தேய்க்க சரக்கு இல்ல, டீச்சர்," என்றேன்.

"கரெக்ட் லா! மூலக்கூறு ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நிக்குது. இதைவிட மெல்லிசாக் கோட் அடிக்க முடியாது."

கோட் என்றதும் கதிரேசன் நிமிர்ந்தான். ஒரு லிட்டரைப் பத்துச் சதுர மீட்டருக்கு அடித்தால் ஈரக்கனம் நூறு மைக்ரான். பள்ளிக்கூடம் போகாமலே அவன் கைக்குத் தெரிந்த கணக்கு. அதே கணக்குத்தான். துளியின் அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தார்கள். விடை மீட்டரில், பத்தின் தலையில், அதாவது அடுக்காக, மைனஸ் ஒன்பது.

"நம்ம நூறு மைக்ரான், மைனஸ் நாலு. அப்ப நான் அடிக்கிற ஒரு கோட்டுல..." கதிரேசன் விரல்விட்டான். "அஞ்சு பூஜ்யம். லட்சமா?"

பக்கத்து மேசையிலிருந்து ரியாஸ், எங்களோடு சுவரில் தொங்குகிறவன், கத்தினான். "மாப்ள, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிரு. லட்சம் கோட் அடிச்சாச்சு, ரெண்டாவது கோட் வேணாம்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். கதிரேசன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் காய்ந்திருந்த வெள்ளைக் கோடு ஒன்று. லட்சம் அடுக்கு.

அன்று ஒரு சண்டையும் நடந்தது. பத்தின் தலையில் பூஜ்யம் போட்டால் விடை ஒன்று என்றார் லொரைன்.

"பூஜ்யம்னா ஒண்ணுமில்ல. எப்படி டீச்சர் ஒண்ணு வரும்?"

"நூறுன்னா தலையில ரெண்டு, பத்துன்னா ஒண்ணு... ஒவ்வொரு படியா இறங்குங்க அண்ணே. தலையில பூஜ்யம்னா, அடுத்த படி?"

"ஒண்ணு," என்றான் கதிரேசன். ஒப்புக்கொண்ட குரல் இல்லை அது.

3

வகுப்பு முடிந்தபின் அவன் மட்டும் நின்றான்.

"ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மூலக்கூறு?"

"தண்ணி மூலக்கூறு இன்னும் குட்டி. சுமாரா, பத்தின் தலையில இருபத்தஞ்சு."

"கடல்ல எத்தனை லிட்டர்?"

லொரைன் கைப்பேசியில் தேடினார். "எல்லாக் கடலும் சேர்த்து, பத்தின் தலையில இருபத்தொண்ணு. எதுக்குண்ணே?"

இந்த இடத்தில் நான் இரண்டு பக்கம் அழுகை எழுதிக் கிழித்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். கொரோனா வருடத்தில், டார்மிட்டரி வாசலும் விமான நிலையமும் அடைத்துக் கிடந்தபோது, கதிரேசனின் மனைவி பஞ்சவர்ணம் இறந்துபோனாள். வேதாரண்யம் கடலில் அஸ்தி கரைத்ததை அவன் கைப்பேசியில் பார்த்தான். "அண்ணே, இது உன் பேருக்கு," என்று தம்பி ஒரு செம்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றினான். கட்டில் ஓரத்தில் இருந்த கதிரேசன் தன்னையறியாமல் கையை நீட்டினான். விரல் கண்ணாடியில் பட்டது.

அந்தச் செம்பு ஒரு லிட்டர் பிடிக்கும்.

இதை லொரைனிடம் சொல்லிவிட்டு, "இருபத்தஞ்சுல இருபத்தொண்ணு போனா நாலு," என்றான். "அப்ப எந்தக் கடல்ல ஒரு லிட்டர் மோந்தாலும் அந்தச் செம்புத் தண்ணியோட மூலக்கூறு பத்தாயிரம் இருக்கும். இங்கேயும்."

லொரைன் பேனாவை மூடினார். "இருக்கும்ணே," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.*

* அன்று பேருந்தில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தான். மழை பெய்தது. ஒவ்வொரு துளியையும் அவன் எண்ணுவதுபோல எனக்குத் தோன்றியது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

4

மறுநாள்தான் அந்த டின்.

"கலக்கலையே," என்றான் கதிரேசன்.

"கலக்குடா, குச்சி இருக்குல்ல," என்றான் ரியாஸ்.

"கடலைச் சொல்றேன். யாரு கலக்குனா?"

கலக்காத பெயிண்டை அளந்து பிரிக்கக் கூடாது என்பது பெயிண்டர் முதல் நாள் படிக்கிற பாடம். ஒருவனுக்கு வெறும் எண்ணெய் போகும், இன்னொருவனுக்கு வெறும் வண்டல். அதை மறந்துவிட்டுக் கடலைச் சமமாகப் பங்கு போட்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு லொரைனிடம் கேட்டான்.

"சாரிண்ணே. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். கடல் முழுசாக் கலக்க ஆயிரம் வருஷம் போல ஆகும். இங்க நிறைய வந்திருக்கலாம், ஒண்ணுமே வராமலும் இருக்கலாம். தெரியாது."

"பரவால்ல டீச்சர். கணக்கு தப்பில்ல, நான்தான் அவசரப்பட்டேன்."

5

அன்று மதியமே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனோம். அவன் கையில் ஒரு லிட்டர் போத்தல், கக்கத்தில் பெயிண்ட் கலக்கும் குச்சி.

"நீ ஒருத்தன் கலக்கி ஆயிரம் வருஷத்துல எவ்வளவு குறைப்ப, மாப்ள?" என்றான் ரியாஸ். சிரிக்கத்தான் கேட்டான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கதிரேசன் முட்டளவு நீரில் இறங்கினான். குச்சியை மண்வரை விட்டு, அடியிலிருந்து மேலாக, பெயிண்டைக் கலக்குகிற மாதிரியே கலக்கினான். மணல் புகைபோல எழுந்தது. தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. பிறகு போத்தலை முக்கினான். குமிழி விட்டு நிறைந்தது.

முடிவு ஒன்று: போத்தலைக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். (பொய். வைக்க இடமில்லை.)

முடிவு இரண்டு: அங்கேயே ஊற்றி, 'போய் வா' என்று— இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

ஆக, அவன் இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறான், மூடி ஒரு கையில், போத்தல் மறு கையில். அவளுக்கு ஊற்றிய செம்புத் தண்ணீரின் மூலக்கூறு அதில் எத்தனை என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். பத்து என்று நான் எழுதிவிட்டேன். தலையில் ஓர் எண் போடுங்கள். நாலு போட மனம் வந்தால் போடுங்கள். நம்பிக்கை இல்லாதவர் பூஜ்யம் போடலாம், தடையில்லை.

பூஜ்யம் போட்டாலும் ஒன்று இருக்கும்.